ஒரு படிக்குள் எத்தனை நெல், தெரியுமா?

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் பாலாறு சோதனைச் சாவடி வரும். அதைத் தாண்டி வரும் கொள்ளேகால் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் நம் கோயம்புத்தூர் மாவட்டம், தெரியுமா? 1956 நவம்பர் 1-ம் தேதிதான் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது! அடுத்த மாதமே, டிசம்பரில், இன்னொரு சட்டம் வந்தது. தமிழரின் படிக்கும் ஆழாக்குக்கும், கன்னடரின் சேருக்கும் பாவுக்கும் ஒரேயடியாக விடைகொடுத்து, கிலோவையும் லிட்டரையும் நாடு முழுக்கக் கொண்டுவந்த சட்டம்! 1958 அக்டோபர் 1 முதல் கிலோ எடைக்கற்கள் கடைகளுக்கு வரத் தொடங்கின.

சரி, அந்தப் படிக்குள் எத்தனை நெல்? எண்ணியே வைத்திருக்கிறார்கள்! 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஒரு ஆழாக்கு. 8 ஆழாக்கு ஒரு படி. பெருக்கிப் பாருங்கள்: 14,400 நெல்! 96 படி சேர்ந்தால் ஒரு கலம். அதில் 13,82,400 நெல்மணிகள்! தராசே இல்லாமல் இத்தனை துல்லியம்!

படியைப் போலவே நெல் அளக்கும் இன்னொரு அளவை மரக்கால். அதற்குப் பெயர் சூட்டுவார்களா? சூட்டினார்கள்! தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து மரக்காலுக்குப் பெயர் 'ஆடவல்லான்'. ஆமாம், நடராஜரின் பெயரேதான்! கல்வெட்டிலேயே இருக்கிறது.

நம் ஆழாக்கு சுமார் 168 மி.லி. ஜப்பானில் அரிசி அளக்கும் கப்? 180 மி.லி! எங்கேயோ இருக்கும் இரண்டு அடுப்படிகள், கிட்டத்தட்ட ஒரே அளவு!

கப் என்றால் எல்லா ஊரிலும் ஒன்றா? இல்லவே இல்லை! மெட்ரிக் கப் 250 மி.லி, அமெரிக்கக் கப் சுமார் 240. டேபிள்ஸ்பூன் 15 மி.லி என்று நம்பியிருக்கிறீர்களா? ஆஸ்திரேலியாவில் அது 20! அங்கே எழுதிய கேக் குறிப்பை இங்கே செய்தால் ஸ்பூனுக்கு 5 மி.லி குறையும்!

இன்னும் கேளுங்கள். அதே 250 மி.லி கப்பில் தண்ணீர் ஊற்றினால் 250 கிராம். அரிசி போட்டால் சுமார் 200. மைதா சுமார் 130தான்! தேன் ஊற்றினால் 350-ஐத் தொட்டுவிடும்! நம்பிக்கை வரவில்லையா? சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே 910 கிராம் என்று இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, எண்ணெய் தண்ணீரைவிட லேசு! அதனால்தான் மாவுக்குத் தராசு, பாலுக்கு அளவுக் குவளை என்கிறேன்.

லிட்டரே ஒருமுறை சுருங்கியிருக்கிறது, தெரியுமா? 1964-ல் அதன் விளக்கத்தை மாற்றினார்கள். சுருங்கியது எவ்வளவு? 0.028 மி.லி. ஒரு சொட்டில் ஏறக்குறைய பாதி!

உப்பு? ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம். கல் உப்பு என்றால் இடையிடையே காற்று, அதனால் எடை குறையும். ஆனால் பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன்கூட முழுசாகக் கிடையாது!