மாட்டு டாக்டருக்கு இரவுப் படி

கன்று போடும் மாடு நேரம் பார்ப்பதில்லை. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகிவிட்டது. ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிகிறது. தலை மடங்கி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குமேல் வீட்டு ஆட்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்தால் கன்றும் போகும், மாடும் போகும். தோள்வரை உறை மாட்டிய கை உள்ளே போய், கன்றைப் பின்னுக்குத் தள்ளி, தலையைத் திருப்பி, கால்களில் கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் விலாவைத் திறந்து அறுவைதான். ஜெர்சி, ஹெச்.எஃப். கலப்பு பெருகி, சின்ன உடம்புக் கிடேரிகளின் வயிற்றில் பெரிய கன்றுகள் வளரத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை கூடித்தான் இருக்கிறது.

கால்நடை மருந்தகம் காலை 8 முதல் 12 வரை, மாலை 3 முதல் 5 வரை. ராத்திரி பத்து மணிக்கு விவசாயி என்ன செய்வார்? டாக்டரின் செல்போனுக்குத்தான் கூப்பிடுவார். டாக்டரும் தன் பைக்கில், தன் பெட்ரோலில், டார்ச் வெளிச்சத்தில் வேலையை முடித்துவிட்டுத் திரும்புவார். விவசாயி அவர் கையில் எதையோ திணிப்பார். அது லஞ்சமா, கூலியா என்ற சண்டை ஊருக்கு ஊர் நடக்கிறது. சண்டையே வேண்டாம், அந்தக் காசை அரசே கணக்கு வைத்துக் கொடுத்துவிடட்டும் என்பதுதான் நம் கட்சி.

கிராமத்துக் கால்நடை மருத்துவருக்கு நிதி உதவி என்றதும் எல்லோரும் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே 2003-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. மருத்துவர் பற்றாக்குறை என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தால், படிப்புக் கடனில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அரசு அடைக்கும் என்று திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால், நம் அரசுக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்து வருகிற பிள்ளையின் கழுத்தில் அந்த அளவுக் கடன் கிடையாது. இங்கே அவரை ஊரைவிட்டுத் துரத்துவது கடனல்ல, ராத்திரி. நகரத்தில் நாய், பூனை பார்த்தால் ஏ.சி. அறை, சொன்ன கட்டணம், உதை கிடையாது. கட்டுத்தரையில் நானூறு கிலோ மாடு ஒன்று காலை வீசினால் முழங்கால் சில்லு காலி.

உதையாவது கண்ணுக்குத் தெரியும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியைக் கையால் எடுக்கும்போது புருசெல்லோசிஸ் கிருமி ஏறினால் தெரியாது. விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, ஆறு வாரத்துக்கு மாத்திரை. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதில் போடுகிற தடுப்பூசியே உயிருள்ள கிருமிதான். கன்று துள்ளும்போது ஊசி டாக்டரின் கையில் குத்தினாலும் ஆபத்து. இதற்கான ரத்தப் பரிசோதனைச் செலவும் காப்பீடும் நிதி உதவி என்ற சொல்லுக்குள் வராதா?

எத்தனை டாக்டர் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 5,000 மாடுகளுக்கு ஒருவர் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-ல் சொன்னது. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடும் எருமையுமாகச் சுமார் ஒரு கோடி. ஆடுகளை விட்டுவிட்டாலே 2,000 டாக்டர்கள். ஆனால் ஆள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனாலும் ராத்திரிக்கு ஆள் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

டாக்டர் வராத இடம் காலியாக இருக்காது. அங்கேதான் என் பயமே. பக்கத்துத் தெருவில் ஊசி போடப் பழகிய ஒருவர் வந்துவிடுவார். கன்று போட்ட மாடு எழ முடியாமல் படுத்தால் கால்சியம் பாட்டில் ஏற்றுவார். நரம்பில் மெதுவாக, இதயத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டிய மருந்து அது. அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். மடிநோய்க்குக் கையில் கிடைத்த ஆன்டிபயாடிக்கை ஏற்றுவார். எத்தனை நாள் பாலைக் கொட்ட வேண்டும் என்று சொல்லமாட்டார். அந்தப் பால் சொசைட்டிக்குப் போய், நம் காபிக்கு வரும். காய்ச்சினாலும் மருந்து பெரும்பாலும் அழிவதில்லை.

வலிக்கு அவர் போடும் ஊசி இன்னும் தூரம் போகும். மாட்டுக்கு டைக்ளோஃபினாக் 2006-லேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்தோடு செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாய் மடிந்ததுதான் காரணம். மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால், 2015-ல் குப்பியின் அளவையே 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் மாட்டுக்குப் போடக்கூடாது என்றார்கள். தடைமேல் தடை போட்டாயிற்று. கழுகுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது என்று கட்டுத்தரையில் நின்று சொல்ல ஆள் வேண்டுமே! முதுமலை, மோயாறு பக்கம் மிஞ்சியிருக்கும் கழுகுகளின் உயிர், அந்த வட்டாரத்து டாக்டரின் பெட்ரோல் காசோடு கட்டப்பட்டிருக்கிறது.

அரசுச் சம்பளம் வாங்குகிறவருக்கு எதற்குத் தனிப் படி என்பார் உண்டு. மத்திய அரசில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்களுக்குத் தனியார் தொழில் செய்யாததற்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் படி கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டலாம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது. அதில் ஒரு டாக்டர், ஓர் உதவியாளர், ஓட்டுநர். நல்ல ஏற்பாடு. அதே வண்டியை ஒன்றியத்துக்கு ஒன்றாவது ராத்திரியிலும் ஓடவிட்டு, ஏறுகிறவர்களுக்கு அழைப்புக்கு இவ்வளவு என்று படி கொடுத்தால் போதும். முறை வைத்துப் போகட்டும். மறுநாள் காலை ஓய்வு கிடைக்கட்டும்.

கால்நடை பராமரிப்பு மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்கு வருகிறது. அதற்கு முன்பு உங்கள் ஊர் எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் இதை மட்டும் கேளுங்கள்: நம் ஒன்றியத்தில் ராத்திரி பத்து மணிக்கு மாடு கன்று போட முடியாமல் தவித்தால் எந்த டாக்டரைக் கூப்பிடுவது, அவருக்கு யார் பணம் கொடுப்பது?