பழைய வீட்டு ஒயரிங்கும் கடலை மூட்டையும்

திருவண்ணாமலை வட்டாரத்தில் நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளும், கரும்புத் தோகை அல்லது தென்னங்கீற்று வேய்ந்த வீடுகளும் இன்றும் ஏராளமாக உள்ளன. கடலை அறுவடை முடிந்ததும் காய் மூட்டைகளைக் கூடத்தில் அடுக்குவதும், கொடியைத் தாழ்வாரத்தை ஒட்டிப் போராகப் போடுவதும், எள் தட்டையையும் விறகையும் பரணில் ஏற்றுவதும் வழக்கம். அவற்றுக்கு ஒரு சாண் தூரத்தில், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அடித்த மரச்சட்டத்தின் மீது மின்சாரக் கம்பி ஓடுகிறது. பூச்சி, நோய், உரம் பற்றி எழுதும் இப்பகுதியில் இந்த வாரம் ஒயரிங்கைப் பற்றி எழுதுவதற்கு அதுவே காரணம்.

இவ்வீடுகளில் பலவற்றுக்கு முதன்முதலில் மின் இணைப்பு வாங்கியது ஓரிரு விளக்குக்காகவும், மிஞ்சினால் ஒரு ரேடியோவுக்காகவும்தான். 40 வாட் பல்பு ஒன்று 230 வோல்ட்டில் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 0.2 ஆம்பியர்கூட ஆகாது. பின்னர் 2006-ல் தொடங்கி அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சியும், 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் வந்தன. பிரிட்ஜும் வெந்நீர் ராடும் சேர்ந்துகொண்டன. 1,500 வாட் ராடு மட்டுமே ஆறரை ஆம்பியர் எடுக்கும். கம்பி மட்டும் பழைய கம்பியே. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அந்தச் சூட்டில் ரப்பர் உறை காய்ந்து வெடித்துவிடும். சில வீடுகளில் தொட்டாலே உதிர்கிறது.

"பீஸ் போகவில்லையே, பிறகென்ன கோளாறு?" என்று பல விவசாயிகள் கேட்கின்றனர். பீஸ் கம்பி அறிவது அளவு மீறிய மின்னோட்டத்தை மட்டுமே. சுவிட்ச் போர்டின் பின்புறமோ, கூரைக்குள் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பிலோ பிடிப்புத் தளர்ந்திருந்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் சூடு ஏறும். மின்னோட்டம் கூடுவதில்லை, ஆகவே பீஸ் போகாது, எம்.சி.பி.யும் விழாது. மரச்சட்டம் உள்ளுக்குள் கருகிக்கொண்டே இருக்கும். விளக்கு மினுக்குவது, போர்டில் பழுப்பு நிறம் படர்வது, ரப்பர் தீயும் வாசனை, சுவிட்சில் 'கிர்' என்ற ஓசை ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மெயினை நிறுத்திப் பார்க்க வேண்டும். பீஸ் அடிக்கடி போகிறது என்று நான்கைந்து செம்பு இழைகளை முறுக்கிப் போடுவோரும் உண்டு. அது காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

நகரத்து வீடுகளில் இல்லாத இரண்டு கேடுகள் விவசாயி வீட்டில் உண்டு. ஒன்று எலி. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அது எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். கடலை மூட்டைக்கு வரும் எலி, மேலே போகும் ஒயரையும் கடிக்கும். உறை போன இரு கம்பிகள் உரசினால் தீப்பொறிதான். ஆகவே மூட்டைகளைப் பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒயர் ஓடாத பக்கமாக அடுக்குங்கள். காயில் ஈரம் ஏறிப் பூஞ்சாணம் பிடிப்பதும் இதனால் குறையும்.

மற்றொன்று அமோனியா. மாட்டுக் கோமியத்திலிருந்து எழும் இந்த ஆவி செம்பையும் பித்தளையையும் அரிக்கக்கூடியது. தொழுவத்துப் பல்பு ஹோல்டர் பச்சை பூத்துப் பிடிப்பு இழப்பது இதனால்தான். மீட்டர் பலகையின் கீழே யூரியா மூட்டை வைப்பதும் ஆகாது. யூரியா ஈரத்தை இழுக்கும், ஈரம் பட்ட யூரியா நாளடைவில் அமோனியாவை விடும்.

கூரையில் தீப்பிடித்தால் வெளியேறக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில், வீடியோ விளக்கின் மின் இணைப்பிலிருந்து எழுந்த பொறி கீற்றுப் பந்தலில் பற்றி, மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கூரைக்குள் செருகிய ஒயரை வெளியே எடுத்து, பி.வி.சி. குழாய்க்குள் சுவர் வழியாகக் கொண்டுவருவதே முதல் வேலை. கையில் பணம் குறைவாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம். திருவண்ணாமலையில் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் அறைகளை வாடகைக்கு விடும் பழைய வீட்டுக்காரர்கள், ஒரே பிளக்கிலிருந்து நான்கு அறைக்கு ஒயர் இழுப்பதையும் விட்டுவிட வேண்டும்.

அடுத்து, கம்பிக்கு ஏற்ற எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி.யும் பொருத்த வேண்டும். ஆர்.சி.டி. என்பது மின்கசிவு ஏற்பட்டால் நொடியின் சிறு பகுதியில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. இது பளுவை அறியாது, எம்.சி.பி. கசிவை அறியாது. ஆகவே இரண்டும் தேவை. மழைக்காலத்தில் ஆர்.சி.டி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிடச் சொல்லுகிறார்கள். ஊறிய மண்சுவரிலோ எலி கடித்த இடத்திலோ கசிவு இருப்பதால்தான் விழுகிறது. அந்த இடத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். வெந்நீர் ராடு, பிரிட்ஜ் போன்றவற்றுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன் இழுப்பது நலம்.

எர்த் பல வீடுகளில் பெயரளவுக்கே இருக்கிறது. மூன்று துளை பிளக் இருக்கும்; மூன்றாவது துளையில் கம்பியே இராது. நம் பகுதியின் பாறை நிலம் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் குழாய் இருந்தும் பயன் குறைவு. கரியும் உப்பும் இட்ட குழியில் கோடை முழுவதும் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வர வேண்டும்.

சர்வீஸ் ஒயரைத் தாங்கும் இரும்புக் கம்பியிலும், அது கட்டியுள்ள குழாயிலும் துணி காயப்போடும் கம்பியைக் கட்டவே கூடாது. ஒயரின் உறை தேய்ந்திருந்தால் ஈரத்துணியைத் தொடும் பெண்மணியின் உயிருக்கு ஆபத்து. கம்பியை அவிழ்த்துவிட்டு, இரு மரக்கம்பங்களில் நைலான் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

மின்சாரத்தால் தீப்பிடித்தால் மெயினை நிறுத்தும் முன் தண்ணீர் ஊற்றாதீர்கள்; சிறு தீயானால் உலர்ந்த மணலைப் போடலாம். கூரை பற்றிவிட்டால் மூட்டையைக் காப்பாற்ற உள்ளே போக வேண்டாம். ஆட்களையும், கட்டை அவிழ்த்து மாடுகளையும் வெளியேற்றிவிட்டு 101-க்குத் தகவல் கொடுங்கள். சர்வீஸ் ஒயர், மீட்டர் ஆகியவற்றில் கோளாறு இருந்தால் வீட்டு எலக்ட்ரீஷியன் கை வைக்கக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கோ, மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும்.