நெஞ்சில் குடிவந்த தாளக்காரர்

மனித தேகத்திலே விடுமுறை என்பதையே அறியாத ஊழியர் ஒருவர் உண்டென்றால், அவர் ஹிருதயம்தான். நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேலேயே கணக்கு ஆகிறது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. தீபாவளி, பொங்கல் இல்லை. இத்தனை வேலை செய்யும் அந்த ஊழியரை நாம் நாள் முழுவதிலும் ஒரு தடவையாவது நினைக்கிறோமா என்றால், இல்லை. நினைக்காமலிருக்கும் வரையில்தான் நமக்குச் சௌக்கியம். மார்புக்குள் ‘திக்’கென்று ஒன்று அடித்துவிட்டால் போதும், அன்றிரவு தூக்கம் போயிற்று!

இப்படியிருக்க, மார்பின் தோலுக்கடியில் ‘பேஸ்மேக்கர்’ என்னும் சிறு யந்திரத்தை வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதுவரை மறந்திருந்த ஹிருதயத்தை அவர் நாழிகைக்கு நாழிகை நினைக்க வேண்டியதாகிறது. “உள்ளே ஏதோ குதிக்கிறாற்போல் இருக்கிறது” என்கிறார். “டாக்டர்தான் எல்லாம் சரியாயிருக்கிறது என்று சொல்லிவிட்டாரே, மாமா! வீணாக மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்” என்று மருமகள் ஆறுதல் சொல்கிறாள். மாமா வாயை மூடிக்கொள்கிறார். மறுநாளும் அது குதிக்கிறது. ஆனால் மறுநாள் அவர் சொல்வதில்லை.

இவ்விருவரில் யார் கூறுவது சரி? இருவர் கூறுவதுமே சரியாயிருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள விசேஷம். யந்திரம் பழுதின்றி ஓடலாம்; அப்படியிருந்தும் உள்ளே குதிப்பது உண்மையாகவே இருக்கலாம். அது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் பயமும் நீங்கும். வீண் அலட்சியமும் நீங்கும்.

முதலில் யந்திரத்தின் வேலையைப் பார்ப்போம். ஹிருதயம் துடிப்பதற்கு வேண்டிய மின்சாரம் ஹிருதயத்துக்குள்ளேயே உற்பத்தியாகிறது. வலது மேலறையின் உச்சியில் அதற்கென்று சிறியதொரு கணு இருக்கிறது. இதை 1907ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் கண்டு கூறினார்கள். மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு அம்மின்சாரத்தை அனுப்பும் இடைக்கணுவை அதற்கு முந்திய ஆண்டிலேயே ஸுனாவோ தவாரா என்ற ஜப்பானிய வைத்தியர் விவரித்திருந்தார். மேற்கணு சோர்ந்து போனாலும், நடுவழியில் மின்சாரம் தடைப்பட்டாலும் நாடி குறைந்துவிடுகிறது. 40, 30 என்று இறங்குகிறது. சிற்சில சமயம் சில விநாடிகள் நின்றே போகிறது. கண் இருட்டிக்கொண்டு வருகிறது. மனிதர் நின்ற இடத்திலேயே விழுகிறார்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த தாளக்காரர்தான் பேஸ்மேக்கர். தீப்பெட்டியைவிடச் சிறியதாய், பெரும்பாலும் 20 முதல் 30 கிராம் எடையுள்ள இந்த யந்திரத்தைத் காறை எலும்புக்குக் கீழே தோலினடியில் வைக்கிறார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றோ இரண்டோ ரத்தக் குழாய் வழியாக ஹிருதயத்துக்குள் செல்கிறது. யந்திரம் எப்போதும் அடித்துக்கொண்டேயிருப்பதில்லை. பாடகர் தாளம் தவறாமல் பாடும் வரையில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர் ஓர் அடியை விட்டுவிட்டால் அந்த அடியை மட்டும் தான் போடுகிறது. அதற்கு அது செலுத்தும் மின்சாரமும் வெகு சொற்பம். பெரும்பாலும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேற்படாது. அதுவும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே. ஆகவே, ‘ஷாக் அடிக்குமோ?’ என்ற பயம் வேண்டியதில்லை.

அப்படியானால் உள்ளே குதிப்பது எது? இதற்கு விடை ஒன்றல்ல, பல.

அறுவையின் பின் முதல் சில வாரங்களில் தெரிவன பெரும்பாலும் புண்ணைச் சேர்ந்தவை. தழும்பு அரிக்கும், சுற்றிலும் தோல் மரத்துப் போகும், ஒருக்களித்துப் படுத்தால் பெட்டி சிறிது நகர்ந்தாற்போல் தோன்றும். அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கவேண்டாம் என்று நாலு முதல் ஆறு வாரம் வரையில் வைத்தியர்கள் தடை சொல்வதுண்டு. கம்பி நிலைகொள்ள வேண்டும் என்பதே காரணம். ஆனால் இதைக் கேட்டுப் பயந்து கையை மரக்கட்டைபோல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதன் பலனாகத் தோள் இறுகி வலி எடுக்கிறது. பழியோ யந்திரத்தின் மேல் விழுகிறது! தோளுக்குக் கீழே கையைச் சாதாரணமாக அசைத்து வருவது நன்மையே.

அடுத்தது இரவு விவகாரம். பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்து இடது பக்கமாகச் சாய்ந்ததும், தலையணைக்குள் யாரோ மத்தளம் கொட்டுவது போலிருக்கும். உறங்குகிறவருடைய நாடி இயற்கையில் 50 வரைக்கும், அதற்குக் கீழும்கூட இறங்கும். பல மாதங்களாக 35, 40 என்று மந்தமாகத் துடித்துக்கொண்டிருந்த ஹிருதயத்தை யந்திரம் இப்போது 60க்குக் கீழே இறங்கவிடுவதில்லை. தவிர, துடிப்பு தொடங்குகிற இடமும் அது பரவுகிற வழியும் பல பேருக்கு மாறிவிடுகின்றன. பழகிய வீட்டில் கடிகாரத்தை வேறு சுவருக்கு மாற்றினால் சில நாள் அதன் சப்தம் காதில் விழத்தானே செய்யும்? அநேகருக்குச் சில வாரங்களில் இது பழகிப் போகிறது. பழகாவிட்டால், இரவில் மட்டும் எண்ணிக்கையைக் குறைத்து வைக்கும் வசதி பல யந்திரங்களில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல பேஸ்மேக்கர்களில் தேகத்தின் அசைவை உணரும் கருவி இருக்கிறது. மனிதர் நடந்தால், ‘வேலை செய்கிறார்’ என்று அறிந்து துடிப்பை அது உயர்த்துகிறது. ஆனால் நடை இன்னது, குலுக்கல் இன்னது என்று பிரித்தறியும் சாமர்த்தியம் அதற்குக் குறைவு. மேடு பள்ளமான சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் ஹிருதயம் காரணமின்றி வேகங்கொள்வது இதனால்தான். மாறாக, சைக்கிள் மிதிக்கும்போது மார்பு அதிகம் அசைவதில்லை. ஆகையால் துடிப்பு வேண்டிய அளவு உயராமல் மூச்சு வாங்கலாம். இரண்டும் மனப்பிரமையல்ல, இரண்டையும் திருத்தலாம்.

விரலில் மாட்டி நாடி பார்க்கும் கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. “60க்குக் குறையாது என்றார்களே, இதில் 42 காட்டுகிறதே!” என்று வீடே கலங்கிப் போவதுண்டு. இடையிடையே முந்திக்கொண்டு விழும் துடிப்புகள் பலமற்றவையாகையால், அவற்றின் அலை விரல் வரையில் வந்து சேருவதில்லை. கருவி அவற்றை எண்ணாமல் விட்டுவிடுகிறது. கருவியின் எண் மட்டும் குறைந்திருந்தால் பதற வேண்டாம்; வைத்தியரிடம் சொன்னால் போதும். அத்துடன் மயக்கமும் சேர்ந்தால் தாமதிக்கலாகாது.

சிலருக்கு மார்புத் தசையோ வயிற்றின் மேற்பகுதியோ நாடிக்கு நாடி துள்ளும். விக்கல் நிற்காமல் வரும். கம்பியின் மின்சாரம் பக்கத்திலுள்ள தசையையோ, உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பையோ தொட்டுவிடுவதே இதற்குக் காரணம். மின்சாரத்தின் பலத்தைச் சிறிது குறைத்தால் பல சமயங்களில் இது நின்றுவிடும். கம்பி இடம் பெயர்ந்திருந்தாலும் இப்படி நேரலாம். ஆகையால் இதைச் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

சொல்லாமல் இருந்துவிடக் கூடாத இன்னொன்றை முக்கியமாகக் குறிப்பிட விரும்புகிறோம். யந்திரம் வைத்த பிறகும் சிலருக்குக் கழுத்தில் படபடவென்று அடித்துக்கொள்ளும், தலை சுற்றும், முன்னைவிட அதிகமாகவே சோர்வு தோன்றும். நாடியைப் பார்த்தால் 70. ஒழுங்கென்றால் அப்படியொரு ஒழுங்கு! யந்திரம் கீழறையை மாத்திரம் துடிக்கச் செய்யும்போது, மேலறையும் கீழறையும் ஒரே சமயத்தில் சுருங்கிவிடக்கூடும். அப்போது மேலறையின் ரத்தம், மூடிய கதவில் மோதிய கூட்டத்தைப்போலக் கழுத்துக் குழாய்களை நோக்கித் திரும்பி எழும்புகிறது. இது ஒரு தனி நோய் நிலை என்பதை 1969ஆம் ஆண்டில்தான் வைத்தியர்கள் எடுத்து எழுதினார்கள். ‘நாடி சரி’ என்பதும், ‘நோயாளி சரி’ என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? இரு அறைகளும் முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கும்படி செய்தால் இத்தொல்லை நீங்கும். சிலருக்கு யந்திரத்தின் ஏற்பாட்டை மாற்றினாலே போதும். சிலருக்கு இரண்டாவது கம்பி தேவைப்படும்.

பரிசோதனைக்குச் செல்லும் நாளிலும் ஓர் அனுபவம் காத்திருக்கிறது. வைத்தியர் தோலைத் தொடாமலே, வெளியிலிருந்து யந்திரத்தோடு பேசுகிறார். துடிப்பை வேகமாக்கியும், மின்சாரத்தைக் குறைத்தும் சோதிக்கிறார். அச்சமயம் நெஞ்சு படபடக்கும். ஒரு கணம் தலை லேசாகும். இது இப்படித்தான் என்று முன்னரே அறிந்தவர் புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். அறியாதவர் முடிவு காலம் வந்துவிட்டதென்று நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்!

இந்தச் சௌகரியங்களெல்லாம் ஒரு நாளில் வந்தவையல்ல. 1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரிலே, கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில், ஆர்னே லார்ஸன் என்ற 43 வயது மனிதருக்கு உலகில் முதன்முதலாக தேகத்துக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஹிருதயம் அடிக்கடி நின்று, நாளொன்றுக்குப் பல தடவை மூர்ச்சை அடைந்துகொண்டிருந்தவர் அவர். மனிதருக்குள் வைக்க இன்னும் யந்திரம் தயாராகவில்லை என்றபோது, அவர் மனைவி எல்ஸெ மரீ விடவில்லை, வற்புறுத்தி வேண்டினாள். ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியியலாளர், பாதரட்சைக்கு மெருகிடும் பசை வரும் தகர டப்பியையே அச்சாகக் கொண்டு யந்திரத்தை வார்த்தார். ஓக்கே ஸென்னிங் என்ற நிபுணர் அறுவை செய்தார். அந்த முதல் யந்திரம் சில மணி நேரமே ஓடிற்று. உடனே வேறொன்றை மாற்றினார்கள். பிறகு தம் வாழ்நாளில் 20க்கு மேற்பட்ட யந்திரங்களை அவர் மாற்றிக்கொண்டார். 2001ஆம் ஆண்டில் தமது 86ஆம் வயதில் அவர் மறைந்தபோது, யந்திரம் செய்தவரும் அறுவை செய்தவரும் அவருக்கு முன்பே காலமாகியிருந்தார்கள்! லார்ஸனின் மரணத்துக்குக் காரணம் வேறொரு நோய், ஹிருதயம் அல்ல.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது அவ்வளவு கடினமான காரியமல்ல. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். என்ன தோன்றிற்று, எந்த நேரத்தில், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்ற மூன்றையும் குறித்து வைத்தால், அடுத்த பரிசோதனையில் வைத்தியருக்கு அது பெரிதும் உதவும். யந்திரமும் தன் பங்குக்கு நிகழ்ச்சிகளைக் குறித்து வைத்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் பல புதிர்கள் அவிழ்ந்துவிடும். ஆனால் மீண்டும் மூர்ச்சை வருதல், மூச்சுத் திணறல், மார்பு வலி, காய்ச்சல், தழும்பு சிவந்து வீங்குதல் அல்லது கசிதல், அந்தப் பக்கத்துக் கை வீங்குதல், விடாத விக்கல் ஆகியவற்றுக்கு நோட்டுப் புத்தகம் பயன்படாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி, மாமா மறுபடியும் “உள்ளே குதிக்கிறது” என்று சொன்னால், “எங்கே, எப்போது, படுத்திருக்கும்போதா நடக்கும்போதா?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தம் நெஞ்சில் நடப்பதைத் தம் வீட்டில் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், மறுநாளும் அவர் தயங்காமல் சொல்வார்.