விரிசலை விரட்டிய ஒரு சிட்டிகைத் தூள்

"லேசர்ல அச்சடிச்ச அலுமினியத்த நம்பி விமானத்துல ஏறலாமாம்மா?" சென்ற கருத்தரங்கின் இறுதியில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். விமானப் பழுதுபார்ப்பில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். நேரம் முடிந்துவிட்டது, "அடுத்த முறை பேசுவோம் ஐயா" என்று சமாளித்துவிட்டேன். தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்த எனக்கு உலோகவியல் புதிது. ஆகவே, பேச வந்திருந்த பொறியியலாளரை விளக்குகள் அணைந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

செய்முறை கேட்பதற்கு எளிதுதான். மாவு போன்ற உலோகத்தூளை மிக மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஆர்கான் வாயு நிறைந்த பெட்டிக்குள் லேசர் கதிரால் தேவையான இடத்தை மட்டும் உருக்குகிறார்கள். அதன்மேல் மறு அடுக்கு, மீண்டும் லேசர். இப்படியே பாகம் வளர்கிறது.

இந்த முறையில் பெரும்பாலும் அச்சிடப்படுவது சுமார் 10 விழுக்காடு சிலிக்கான் கலந்த அலுமினியம். வார்ப்பு வேலைக்கே உரிய கலவை அது. நன்றாக ஓடும், விரிசல் விடாது. விமானச் சட்டங்களுக்குப் பேர் போனதோ 7075 என்ற கலவை. துத்தநாகம், மக்னீசியம், செம்பு சேர்ந்தது. வலிமை அதிகம். ஆனால், அதை அப்படியே லேசரில் அச்சிட்டால் உள்ளே விரிசல் மயம்!

காரணம் அது உறையும் விதத்தில் இருக்கிறது. 7075 ஒரே வெப்பநிலையில் உறைவதில்லை. ஏறத்தாழ 635 டிகிரி செல்சியஸில் தொடங்கி 477 டிகிரி வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. லேசர் நகர்ந்ததும் உருகிய குட்டையின் அடியிலிருந்து உலோகப் படிகங்கள் தூண் தூணாக மேல்நோக்கி வளர்கின்றன. தூண்களின் இடுக்கில் கடைசித் துளித் திரவம் சிக்கிக்கொள்கிறது. குளிரும் உலோகம் சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப ஒடுங்கிய இடுக்குக்குள் புதுத் திரவம் இறங்க வழியில்லை. வற்றிய குளத்துச் சேறு வெடிப்பதுபோல் தூண்களுக்கு இடையே பிளந்துவிடுகிறது. லேசரின் வேகத்தையும் சக்தியையும் மாற்றிப் பார்த்தும் இந்த வகைக் கலவைகளில் விரிசல் எளிதில் ஒழியவில்லை.

கலிஃபோர்னியாவின் மாலிபுவில் உள்ள எச்.ஆர்.எல். ஆய்வுக்கூடத்தினர் தூளிலேயே கைவைத்தார்கள். ஜான் மார்ட்டினும் குழுவினரும் 2017-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இது. 7075 தூளின் ஒவ்வொரு மணியின் மேலும் ஜிர்கோனியம் சார்ந்த நானோ துகள்களை ஒட்டவைத்தார்கள். மொத்த அளவில் சுமார் ஒரு விழுக்காடுதான், சமையலில் சொன்னால் சிட்டிகைக் கணக்கு. சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு அந்த நூலைப் பற்றிக்கொண்டு விளையும் அல்லவா? அதுபோல ஜிர்கோனியம் அலுமினியத்துடன் சேர்ந்து உண்டாகும் துகள்கள், படிகம் பிறக்க எண்ணற்ற இடங்களைத் தந்தன. தூண்களுக்குப் பதில் பொடிப்பொடியான படிகங்கள் எல்லாத் திசையிலும் விளைந்தன. மிஞ்சிய திரவம் அவற்றைச் சுற்றி ஓடி இடைவெளியை நிரப்பியது. விரிசல் போயிற்று.

2019-இல் இந்தக் கலவை 7A77 என்று பதிவு பெற்றது. அமெரிக்க விண்வெளி முகமையான நாசாவின் மார்ஷல் மையம் அதன் முதல் வாடிக்கையாளர். ஆனாலும், 2017 ஆய்வில் அச்சிட்ட துண்டுகள், வழக்கமாக உருட்டித் தயாரிக்கும் 7075 தகட்டின் முழு வலிமையை எட்டவில்லை. லேசர் சூட்டில் துத்தநாகம் கொஞ்சம் ஆவியாகிப் போவதும் இந்த வகைக் கலவைகளில் உள்ள ஒரு சிக்கல்.

அச்சிட்ட பிறகு சூடேற்றிப் பதப்படுத்துவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 7075 வகைக்கு உயர் சூட்டில் வைத்து, நீரில் தோய்த்து, பிறகு இளஞ்சூட்டில் விடுவது பலம். அதே வைத்தியத்தைச் சிலிக்கான் கலவைக்குச் செய்தால், வேகமாகக் குளிர்ந்ததால் உண்டான நுண்ணிய சிலிக்கான் வலை உடைந்து உருண்டைகளாகிவிடும். இழுபடும் தன்மை கூடலாம், வலிமை இறங்கிவிடும். பழைய வார்ப்புக் கையேட்டை அப்படியே பின்பற்றுவது தவறு என்று பொறியியலாளர் அழுத்திச் சொன்னார். எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "வலிமை சரிம்மா. விமானத்துப் பாகம் ஒரே இழுப்புல உடையறதில்ல. ஆயிரம் தடவ ஏறி இறங்கி, களைச்சுத்தான் உடையும். உள்ள காத்துக்குமிழி இருந்தா?"

சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். தூளில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் குமிழிகள் தங்கிவிடும். உயர் அழுத்தத்தில் சூடேற்றி அவற்றை நசுக்கலாம். மேற்பரப்புக்குத் திறந்த துளைகள் அதில் மூடாது. உள்ளே வாயு மிஞ்சியிருந்தால், பின்னர் சூடேற்றும்போது மறுபடி தலைகாட்டுவதும் உண்டு. அதனால்தான் சொரசொரப்பான மேற்பரப்பைக் கடைந்தெடுக்கிறார்கள், எக்ஸ்ரே ஸ்கேன் செய்து உட்புறத்தைப் பார்க்கிறார்கள் என்றேன்.

"அப்ப அந்த ஸ்கேன் படத்தக் காட்டச் சொல்லு. பார்த்துட்டு ஏறுறேன்" என்றார்.