கல்லாவுக்குப் பூட்டு இருக்கிறது, கணினிக் கணக்குக்கு?

இரவு கடையைச் சாத்தியதும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது வணிகர்களின் வழக்கம். ஆனால் மொத்த வியாபாரிகள் பலர் இன்று சில்லறைக் கடைகளிடம் ஆர்டர் எடுக்க இணையதளம் வைத்திருக்கிறார்கள். யாருக்கு என்ன விலை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற விவரமெல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்தக் கதவின் பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

இத்தகைய தளங்களை யாரும் அடியிலிருந்து எழுதுவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம் ஒன்றின் மேல் கட்டுகிறார்கள். அவற்றுள் பெயர் பெற்றது ஜாங்கோ. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் இலவசமாக வெளியிடப்பட்டது. பூட்டும் சாவியும் அதனுடனேயே வருகின்றன. எந்தச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் கடை முதலாளிதான். புரோகிராமருக்கு நம் கடை ஆட்களைத் தெரியாது.

ஆளுக்கொரு சாவி

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கடையில் எல்லோரும் அதையே பயன்படுத்துவது. இதுதான் முதல் ஆபத்து. ஒருவருடைய பாக்கி திடீரென்று குறைந்திருந்தால், திருத்தியது யார் என்று யாரைக் கேட்பது?

ஜாங்கோவில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக் கணக்கு திறக்கலாம். பார்க்க, சேர்க்க, திருத்த, நீக்க என்று நான்கு வகை அனுமதிகள் உண்டு. பில் போடும் பையனுக்குப் பார்க்கவும் சேர்க்கவும் மட்டும் கொடுத்தால் போதும். கணக்குப்பிள்ளைக்குத் திருத்தவும் கொடுக்கலாம். நீக்கும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கட்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். ஜாங்கோவுடன் வரும் நிர்வாகப் பக்கத்தில் இந்த அனுமதிகள் தாமாகவே செயல்படும்; யார் எதை மாற்றினார் என்ற குறிப்பும் அங்கே பதிவாகும். நமக்கென்று தனியாக எழுதும் பக்கங்களில் அந்தச் சோதனையைப் புரோகிராமர்தான் சேர்க்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தபின் முகவரியில் பில் எண்ணை மாற்றிப் போட்டால், பக்கத்துக் கடைக்காரரின் பில் திறக்கக் கூடாது. இதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

விலகியவரின் சாவி

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே முடக்க வேண்டும். அழிக்க வேண்டாம்; அழித்தால் அவர் பெயரில் உள்ள பழைய பதிவுகளின் தொடர்பு கெடக்கூடும். 'செயலில் உள்ளவர்' என்ற ஒரு குறியை எடுத்துவிட்டால் போதும், அவர் மறுபடி நுழைய முடியாது.

பாஸ்வேர்டும் மிளகாய்ப் பொடியும்

2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து சுமார் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருடு போயின. எல்லாம் எழுதியபடியே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் அதிகம் பேர் வைத்திருந்தது 123456.

ஜாங்கோ பாஸ்வேர்டை அப்படியே வைப்பதில்லை. அரைத்துப் பொடியாக்கி வைக்கிறது. பொடியை மறுபடி மிளகாயாக்க முடியாது. அரைக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு 'உப்பு' சேர்க்கப்படுகிறது. கணினித் துறையில் அதன் பெயரே அதுதான். அதனால் இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்தாலும் பொடி ஒன்றாக இருக்காது.

எனவே, "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று புரோகிராமரிடம் சொல்லிப் பாருங்கள். பழைய பாஸ்வேர்டையே அவர் எடுத்துச் சொன்னால் அந்தப் பூட்டு சரியில்லை. புதிதாக ஒன்று வைக்கச் சொன்னால் அதுவே முறை.

ஜாங்கோவில் புதுத் தளம் தொடங்கும்போது பாஸ்வேர்டுக்கு நான்கு சோதனைகள் உடன் வருகின்றன: எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது; முழுவதும் எண்ணாக இருக்கக் கூடாது; பெயரை ஒத்திருக்கக் கூடாது; எல்லோரும் வைக்கும் 20,000 சொற்களின் பட்டியலில் இருக்கக் கூடாது. செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாக வைக்கும் பழக்கம் இங்கே செல்லாது. தொல்லை என்று இந்தச் சோதனைகளை நீக்கச் சொல்லாதீர்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை

சில காப்புகள் தாமாக வருவதில்லை. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. தவறான பாஸ்வேர்டை எத்தனை முறை போட்டாலும் ஜாங்கோ தானாகத் தடுக்காது. சில முறைக்குப் பின் தடுக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டதா?

2. ஒருமுறை நுழைந்தால் இரண்டு வாரம் வரை கதவு திறந்தே இருப்பது வழக்கமான அமைப்பு. பலர் கை வைக்கும் கடைக் கணினியில் அதைச் சில மணி நேரமாகக் குறைத்தாயிற்றா?

3. தளம் முழுவதும் எச்.டி.டி.பி.எஸ். வழியாக மட்டும் இயங்குகிறதா? நுழைவுச் சீட்டாக உலாவியில் தங்கும் குக்கியும் அந்த வழியில் மட்டும் செல்லும்படி அமைத்தாயிற்றா?

பாக்கிக் கணக்கு நம்மை நம்பிச் சரக்கு எடுப்பவர்களின் மானத்தோடு சம்பந்தப்பட்டது. அது வெளியே போனால் நஷ்டம் நமக்கு மட்டுமல்ல. சரக்கை எடை போட்டு வாங்கும் வணிகப் பெருமக்கள், இணையதளத்தின் பூட்டையும் இழுத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.