கடினமான மொழி யாருக்குக் கடினம்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்களைப் பயிற்றுவிப்பதற்கென 1947-இல் தொடங்கிய பயிற்சி நிறுவனம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பிற மொழிகளில் பணிக்குரிய தேர்ச்சி பெறுவதற்கு ஆகும் காலத்தைத் தன் வகுப்பறை அனுபவத்தைக் கொண்டு வகைப்படுத்தியுள்ளது. அதன்படி ஸ்பானியம், பிரெஞ்சு முதலியவற்றுக்கு ஏறத்தாழ 30 வாரங்களும், தமிழ், இந்தி, ரஷ்யன் முதலியவற்றுக்கு 44 வாரங்களும், அரபு, சீனம், ஜப்பானியம், கொரியன் ஆகியவற்றுக்கு 88 வாரங்களும் தேவைப்படுகின்றன.

இப்பட்டியல் பெரும்பாலும் அளப்பது, கற்பவரின் தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் உள்ள தொலைவையே. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் பெருமளவில் கலந்துவிட்டதால், பிரெஞ்சு கற்கும் ஆங்கிலேயருக்குச் சொற்களஞ்சியத்தின் கணிசமான பகுதி முன்பே அறிமுகமாகியிருக்கிறது. ஜப்பானியத்திலோ வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதும், வேற்றுமைப் பொருளை உணர்த்தும் இடைச்சொற்கள் பெயருக்குப் பின் வருவதும், பெயரெச்சத் தொடர் தான் தழுவும் பெயருக்கு முன் நிற்பதும் ஆங்கிலேயரைத் திணறவைக்கின்றன; தமிழருக்கு இவை யாவும் பழகிய அமைப்புகளே. மாறாக, ஒரே அசையின் பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தால் மாறும் சீனத்தின் நான்கு தொனிகள், அத்தகைய வேறுபாடு இல்லாத தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டையும் பேசுவோருக்குப் புதியவை.

எனினும் தாய்மொழி எதுவாயினும் குறையாத சுமைகளும் உண்டு. ஜப்பானிய அரசு பொதுப் பயன்பாட்டுக்கென 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 சீன வரிவடிவ எழுத்துகள் உள்ளன; அவற்றுள் பல இடத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கப்படுவதால், பேச்சைத் தானாகக் கற்றுக்கொள்ளும் ஜப்பானியக் குழந்தைகளும் அவற்றைப் பள்ளியில் பல ஆண்டுகள் பயில வேண்டியுள்ளது. ஆயினும் 1446-இல் அறிவிக்கப்பட்டு இன்று 24 அடிப்படை எழுத்துகளோடு வழங்கும் கொரிய எழுத்துமுறை மிக எளிதாக இருந்தும் கொரியன் 88 வார வகையிலேயே இடம்பெறுவதால், எழுத்தை மட்டும் காரணமாகக் கொள்ள இயலாது.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் விலகி நிற்கும் நிலை, அதாவது மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் 1959-இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட இரட்டை வழக்கு, மற்றொரு சுமையாகும். அரபும் தமிழும் இத்தகையன என்பதால், இவற்றைக் கற்பவர் செய்தித்தாளுக்கு ஒரு வடிவத்தையும் கடைத்தெருவுக்கு வேறொரு வடிவத்தையும் பயில நேர்கிறது.

ஆகவே ஒரு மொழியின் கடினத்தை ஒரே எண்ணால் குறிப்பது பொருந்தாது. ஜப்பானிய இலக்கணத்தை விரைவில் பற்றிக்கொள்ளக்கூடிய தமிழ் மாணவர், அதன் எழுத்துகளுக்கு ஆங்கிலேயரைப் போலவே நெடுங்காலம் ஒதுக்கத்தான் வேண்டும்.