உயிரித் தொழில்நுட்பவழி அறநெறி மேம்பாடு

உயிரித் தொழில்நுட்பவழி அறநெறி மேம்பாடு என்பது மருந்து, மரபணு மாற்றம், மூளைத் தூண்டல் போன்ற முறைகளால் மனிதரின் ஒழுக்க நடத்தையை மேம்படுத்தும் கருத்தாகும். இது முடியுமா என்பதை அறிவியலும், முறையா என்பதை அறவியலும் ஆராய்கின்றன.

ஆதரவுக் கருத்துகள்

வன்முறை உந்துதல், இன வெறுப்பு போன்ற உணர்வுகளை ஒருவர் தாமே விரும்பிக் குறைத்துக்கொள்வது தவறாகாது என்று தாமஸ் டக்ளஸ் 2008 இல் வாதிட்டார். இங்மார் பெர்சன், ஜூலியன் சவலெஸ்கு ஆகிய மெய்யியலாளர்கள் 2012 இல் வெளியிட்ட நூலில் இதை மேலும் விரித்தனர். சிறு குழுக்களாக வாழ்ந்த காலத்தில் உருவானது மனிதரின் அறவுணர்வு. அணு ஆயுதம், காலநிலை மாற்றம் போன்ற இன்றைய ஆபத்துகளை எதிர்கொள்ள அது போதாது; அறக்கல்வியுடன் உயிரியல் வழிகளையும் தேட வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

ஆய்வுகள் காட்டுவது

ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை மூக்கில் தெளித்தவர்கள் பண விளையாட்டு ஒன்றில் பிறரைக் கூடுதலாக நம்பினர் என 2005 இல் சூரிக்கில் நடந்த ஆய்வு கூறியது. பிந்தைய ஆய்வுகளில் இம்முடிவு உறுதிப்படவில்லை. அதே ஹார்மோன் தம் குழுவினர் மீதான சார்பை வளர்க்கக்கூடும் என நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011 இல் தெரிவித்தனர். அன்பு பெருகினாலும் நடுவுநிலைமை குறையலாம் என்பதை இது உணர்த்துகிறது.

எதிர்ப்புக் கருத்துகள்

தவறு செய்யும் உரிமை இல்லாத இடத்தில் நல்லது செய்வதற்கும் மதிப்பில்லை என்று ஜான் ஹாரிஸ் 2011 இல் எழுதினார். தேர்வில் பார்த்து எழுத வாய்ப்பிருந்தும் எழுதாத மாணவரிடமே நேர்மையைக் காண்கிறோம். மேலும், சினம் எப்போதும் தீயதன்று. கொடுமையைக் கண்டு எழும் சினத்தை மருந்தால் அடக்கினால் அநீதியைத் தட்டிக்கேட்க ஆள் இருக்காது.

வரலாற்றுப் பாடம்

தன்பாலின உறவு பிரித்தானியாவில் குற்றமாக இருந்த காலத்தில், 1952 இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் அதற்காகத் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக, பாலுணர்வைக் குறைக்கும் ஹார்மோன் சிகிச்சையை ஏற்கும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். 1954 இல் இறந்தார். 2013 இல் அவருக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. அன்று ஒழுக்கக்கேடு எனப்பட்டது, இன்று அந்நாட்டில் குற்றமன்று.

எனவே எது ஒழுக்கம் என்பதை யார் முடிவு செய்வது, சிகிச்சையை மறுக்கும் உரிமை உண்டா ஆகியவை இவ்விவாதத்தின் அடிப்படைக் கேள்விகளாக உள்ளன. சட்டமும் சமூகக் கருத்தும் பின்னாளில் மாறலாம். ஒருவர் உடலிலும் மனத்திலும் ஏற்படுத்திய மாற்றத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று.